இருபத்திரண்டாவது நகர்வு

2007 ஜனவரி 29, திங்கள்

கண்டியிலிருந்து ஜயசுந்தரவின் அட்டை வந்தது. டிசம்பர் முப்பதில் போட்டிருக்கிறார். சண்டையால் தரைப்பாதை மூடிய பிறகு யாழ்ப்பாணத்துக்குத் தபால் கப்பலில் வருகிறது. ஒரு மாதம் என்பது விரைவு.

தபால்காரர் இராசநாயகம் அண்ணை சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினொரு வருடமாக அவருக்கு இதே வேலை.

"என்ன ரீச்சர், எட்டு இலக்கம் எழுதுறதுக்கு ஒரு மாசமோ? லொத்தர் நம்பரெண்டா எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ."

"விழுந்தாச் சொல்லுறன்."

"கண்டியில ஒரு மனுசன், இஞ்சை ஒரு மனுசி. பதினொரு வருசமாக் கடிதம். வேற ஆக்களெண்டா இதுக்குள்ள ரெண்டு பிள்ளையள்."

என்னிடம் இப்படிப் பேசக்கூடியவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். சிரிக்காமல் அட்டையை வாங்கிக்கொண்டேன்.

அஞ்சல்வழிச் சதுரங்கத்துக்கு மொழி தேவையில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு இலக்கம். வெள்ளைக்காய் ஆடுபவரின் இடது கையிலிருந்து எத்தனையாவது நிரல், அவர் பக்கத்திலிருந்து எத்தனையாவது நிரை. காய் நிற்கும் கட்டம், அது போகும் கட்டம். ஆக ஒரு நகர்வுக்கு நான்கு இலக்கம். எதிராளியின் சென்ற நகர்வைத் திரும்ப எழுதி, பக்கத்தில் தன் நகர்வை எழுத வேண்டும். இந்த ஆட்டத்தில் ஜயசுந்தர வெள்ளை, நான் கறுப்பு. ஆனாலும் எண்ணுவது எப்போதும் வெள்ளையின் பக்கமிருந்துதான். அதனால் யோசிக்கும்போது கறுப்பின் பக்கமும், அட்டை எழுதும்போது எழுந்து போய் வெள்ளையின் பக்கமும் உட்காருவது என் வழக்கம்.

அட்டையின் அடியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பில் மகள் வீட்டுக்குப் போகிறாராம். பெப்ரவரி முடியும்வரை கண்டி வீடு பூட்டியிருக்கும். அவசரமில்லை என்கிறார்.

கடைசி இரண்டு அட்டைகளிலும் நான் பெயரும் முகவரியும் எழுதவில்லை. யார் எழுதியது என்று அவருக்குத் தெரியும். வீணாக இரண்டு வரி எதற்கு?

பெப்ரவரி 2, வெள்ளி

சங்கக்கடை வரிசையில் இரண்டரை மணி நேரம். சீனி அரைக் கிலோ, மெழுகுதிரி இரண்டு. பத்தாம் வகுப்புத் தவணைத் தாள்கள் திருத்தி முடித்தேன்.

இருபத்திரண்டாவது நகர்வுக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. ராணியைப் பின்னுக்கு எடுக்கலாம், அல்லது குதிரையை நடுவுக்குக் கொண்டு வரலாம். ராணி பாதுகாப்பு, ஆனால் பத்து நகர்வுக்குப் பிறகு மூச்சுமுட்டும். குதிரை போனால் அவர் சிப்பாயால் தாக்குவார். அதற்குப் பிறகு மூன்று கிளைகள்.

எத்தனை நகர்வு முன்னால் பார்ப்பீர்கள் என்று மாணவிகள் கேட்பார்கள். தூரம் பெரிய விஷயமில்லை. எதிராளி எதைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று நாம் ஆசைப்படுகிறோமோ, அதை அவருக்காக நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனக்கு எது நல்லதோ அதையே செய்வார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்கிட வேண்டும். பலகைக்கு வெளியிலும் இந்த விதி என்னை இதுவரை ஏமாற்றியதில்லை.

பெப்ரவரி 7, புதன்

காலை பத்து மணிக்கு எதிர்வீட்டு வாசுகியின் மகனைக் கொண்டுபோய்விட்டார்கள். இலக்கத்தகடு இல்லாத வாகனம். காய்ச்சல் என்று நான் பாடசாலைக்குப் போகாத நாள். வாசுகி வீதியில் ஓடியதை யன்னல் இடுக்கால் பார்த்தேன். கதவைத் திறக்கவில்லை.

பின்னேரம் மேசையை இழுத்து யன்னலோரம் போட்டேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. ஒரு பக்கத்தில்தான் கதிரை வைக்க இடம். அங்கிருந்து பார்த்தால் வாசல் படலை தெரியும்.

பெப்ரவரி 11, ஞாயிறு

குதிரைதான். ஐந்து நாள் பார்த்தாயிற்று, ஓட்டை இல்லை. அட்டை எழுதினேன். எழுதும்போது ஒரு வாகனம் படலைக்கு நேரே வந்து நின்றது. பேனையைக் கையில் பிடித்தபடி இருந்தேன். பாண் விற்பவரின் வான்தான்.

பெப்ரவரி 12, திங்கள்

அட்டையை இராசநாயகம் அண்ணையிடம் கொடுத்தேன். தபாற்கந்தோருக்குப் போக இராணுவத்தின் இரண்டு சென்றிக் காவலரண்களைத் தாண்ட வேண்டும். அதனால் நாலைந்து மாதமாக அவரே வாங்கிக்கொண்டு போகிறார்.

"ரீச்சர், இந்தமுறையும் பேர் போடேல்லை."

"அவருக்குத் தெரியும்தானே."

"அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்" என்று சொல்லிப் பையில் போட்டார். "இண்டைக்கு வெய்யில் கூட. ஒரு செம்பு தண்ணி தாங்கோ."

பெப்ரவரி 13, செவ்வாய்

தபால் வரவில்லை.

பெப்ரவரி 14, புதன்

இராசநாயகம் அண்ணையின் மனைவி மலர் வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"திங்கக்கிழமை மத்தியானம் சந்திச் சென்றியில மறிச்சவங்களாம் ரீச்சர். பையைக் கொட்டிப் பார்த்திட்டு, ஒரு அட்டையை எடுத்து வைச்சுக்கொண்டு இவரை ஜீப்பில ஏத்தினவங்களாம். மீன்காரி கண்டவ. ஆமி முகாமில போய்க் கேட்டா அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லையெண்டு சொல்லுறாங்கள். சைக்கிள் சென்றியடியில கிடக்குது ரீச்சர். சைக்கிள் கிடக்க ஆள் எப்பிடி இல்லாமப் போகும்?"

"என்ன அட்டையாம்?"

"ஆருக்குத் தெரியும்? எல்லாம் நம்பராம். அனுப்பின ஆளின்ர பேரில்லையாம். அதை ஆர் எழுதினாங்களோ, அவங்கட கை அழுகிப் போகும்."

உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேநீர் கொடுத்தேன். சீனி கொஞ்சம் கூடவே போட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

பெப்ரவரி 15, வியாழன்

யாரையும் இரண்டு நாளுக்கு மேல் கேட்க வேண்டியிருக்காது. அட்டை என்னுடையது என்று இராசநாயகம் அண்ணை சொல்லிவிடுவார். கண்டி வீடு பூட்டியிருப்பதால் அவர்கள் கேட்க வேறு ஆள் இல்லை. சொல்லாமல் இருப்பதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. அவருக்கு மனைவி இருக்கிறாள், ஓய்வூதியத்துக்கு ஆறு வருடம் இருக்கிறது. அவருடைய இடத்தில் நான் இருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். ஆகவே நேற்று, அல்லது இன்று.

பாடசாலையில் மூன்றாம் பாடவேளையில் ஒரு ஜீப் மதிலோரம் போனது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த சமன்பாட்டின் வலப்பக்கத்தை மறந்துபோனேன். ஒரு பிள்ளை எழும்பிச் சொல்லித் தந்தது.

ஒரு சேலையும் பல்துலக்கியும் சவர்க்காரமும் பையில் எடுத்து வைத்தேன். வைத்திருப்பதைப் பார்த்தால், இவள் எதிர்பார்த்திருக்கிறாள் என்று நினைப்பார்கள். எல்லாவற்றையும் திரும்ப வெளியே எடுத்தேன்.

பெப்ரவரி 17, சனி

மலர் திரும்ப வந்தாள். ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதித் தரச் சொன்னாள். "உங்களை மாதிரி இங்கிலீசு இந்த ஊரில ஆருக்கு ரீச்சர் வரும்?"

எழுதினேன். இருபத்தெட்டு வருட சேவை, ஒரு முறைப்பாடும் இல்லை, பையில் இருந்தவை பொதுமக்கள் அனுப்பும் சாதாரணத் தபால்கள் மட்டுமே. ஒரு சொல்லும் பொய்யில்லை. மூன்று பிரதி. தமிழில் விளங்கப்படுத்தி வாசித்துக் காட்டினேன். அவள் அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முருங்கைக்காயைச் சமைக்கவில்லை.

பெப்ரவரி 18, ஞாயிறு

யாரும் வரவில்லை.

பெப்ரவரி 19, திங்கள்

ஏழு நாள். வராததற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, அட்டையைப் பற்றி அவரிடம் கேட்கவே இல்லை, பிடித்தது வேறெதற்கோ. அப்படியானால் நான் போய் வாயைத் திறப்பது அவருக்குக் கெடுதல். மற்றது, கேட்டார்கள், பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை. அப்படியானால் நான் போவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. மூன்றாவது கிளை எனக்குத் தெரியவில்லை.

இரண்டு கிளையிலும் சும்மா இருப்பதே சரியான நகர்வு என்று வருகிறது. எனக்கு வசதியான விடையே இரண்டு தரமும் வரும்போது கணக்கை நம்பக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன்.

ஜயசுந்தரவின் அட்டைகள் உள்ள தகரப்பெட்டியை அடுப்படிக்குக் கொண்டுபோனேன். அடுப்பை மூட்டித் தண்ணீர் கொதிக்கவைத்தேன். பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து இருந்த இடத்தில் வைத்தேன்.

பெப்ரவரி 21, புதன்

முகாமில் மலரிடம் இன்றும் அதையே சொல்லியிருக்கிறார்கள்: அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை.

ஆள் அங்கே இல்லையென்றால் அவரிடமிருந்து எடுத்த அட்டையும் அங்கே இருக்கக் கூடாது. அட்டையை மேசையில் வைக்கப்பண்ணிவிட்டால், ஆளை ஒப்புக்கொண்டதாகிவிடும். மனைவி கேட்டால் அட்டையை எடுக்க மாட்டார்கள். எழுதியவள் போய், இது சதுரங்கம், வேண்டுமானால் சரிபாருங்கள் என்றால், சரிபார்ப்பதற்காவது எடுக்கத்தான் வேண்டும்.

எடுத்த பிறகு? இலக்கம் பலகையோடு பொருந்தும். பொருந்தினால் சந்தேகத்துக்கு இடமில்லை. இருபது தரம் பார்த்துவிட்டேன். ஓட்டை இல்லை.

பெயர் ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். அதற்கும் ஏதாவது சொல்லலாம்.

பெப்ரவரி 22, வியாழன்

பாடசாலை விட்டதும் மலர் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அட்டை என்னுடையது, நாளைக்கு முகாமுக்குப் போய் அதைச் சொல்லப்போகிறேன் என்று சொன்னேன்.

தோய்த்த கை அப்படியே நின்றது. "அண்டைக்கு எனக்குத் தேத்தண்ணி தந்தனீங்கள்" என்றாள்.

"ஓம்."

"சீனி கூடப் போட்டுத் தந்தனீங்கள்."

வாளியை எட்டி உதைத்தாள். தண்ணீர் என் கால்வரைக்கும் வந்தது. கவிழ்ந்த வாளியை நிமிர்த்திவிட்டு, என்னைப் பாராமல் கேட்டாள்: "நாளைக்கு எத்தினை மணிக்குப் போறியள்?"

"எட்டு மணிக்கு."

"நானும் வாறன்."

பெப்ரவரி 23, வெள்ளி

பின்னேரம் நாலு மணி.

முகாமில் மலரைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். என்னைக் கொஞ்ச நேரத்தில் உள்ளே விட்டார்கள். ஆங்கிலம் பேசியதாலும் சதுரங்கப் பலகை அவர்களுக்கு வேடிக்கையாக இருந்ததாலும் என்று நினைக்கிறேன். அதிகாரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மேசையில் காகிதங்களை விளிம்பு பார்த்து அடுக்கி வைத்திருந்தார். பாடசாலை நாட்களில் ஆடியிருக்கிறேன் என்றார்.

நான் யோசித்து வைத்த வரிசையில் எல்லாவற்றையும் வைத்தேன். பலகை, நகர்வுகளைக் குறித்த ஆட்டக் கொப்பி, இந்த ஆட்டத்துக்கு ஜயசுந்தர அனுப்பிய இருபத்திரண்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் என் பெயரும் முகவரியும் தபால் முத்திரையும். "பன்னிரண்டாம் திகதி சந்தியில் எடுத்த அட்டை இந்த ஆட்டத்தின் அடுத்த நகர்வு" என்றேன். "இந்தக் கொப்பிப்படி அதில் 6645 என்று இருக்கும். கறுப்புக் குதிரை. எடுத்துப் பாருங்கள்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மணியை அடித்தார். ஒரு கோப்பு வந்தது. அதற்குள் குண்டூசியால் குத்தி, என் அட்டை.

அட்டை இருக்கிறது. ஆள் இருக்கிறார். என் கணக்கில் இதுதான் உச்சம். மீதி தானாக நடக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவர் அவசரப்படவில்லை. காய்களை அடுக்கி, கொப்பியைப் பார்த்து முதல் நகர்விலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒவ்வொன்றையும் ஜயசுந்தரவின் அட்டையோடு ஒப்பிட்டார். முக்கால் மணி நேரம். எல்லாம் பொருந்தின. பிறகு என் அட்டையைத் தூக்கிக் கடைசி நான்கு இலக்கத்தை வாசித்தார்.

"மூன்று மூன்று. ஐந்து நான்கு."

மூன்றாவது நிரல், மூன்றாவது நிரை. விரலை வைத்தார். அந்தக் கட்டத்தில் வெள்ளைக் குதிரை நின்றது.

"நீங்கள் கறுப்பு என்றீர்கள். எதிராளியின் குதிரையை நீங்களா நகர்த்துவீர்கள்?"

கறுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே எண்ணி எழுதியிருக்கிறேன். பதினொரு வருடத்தில் ஒருநாளும் செய்யாத பிழை. அதை அந்த அறையில், அவர் விரல் குதிரைமேல் இருக்கும்போது கண்டுபிடித்தேன்.

"பலகையைத் திருப்பினால் சரியாக வரும்" என்றேன். திருப்பிக் காட்டினேன். மூன்று மூன்றில் என் கறுப்புக் குதிரை. அங்கிருந்து ஐந்து நான்கு. "ஒவ்வொரு இலக்கத்தையும் ஒன்பதிலிருந்து கழித்தாலும் இதே விடைதான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. அவர் பேனையை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"ஒன்பதிலிருந்து கழிக்க வேண்டும். ஆக, இந்தச் சங்கேதத்துக்கு ஒரு சாவி இருக்கிறது."

"சாவி இல்லை. பிழை."

"முந்தின இருபத்தொரு தடவையும் பிழை இல்லை. பெயர் இல்லாத, எங்களிடம் அகப்பட்ட அட்டையில் மட்டும் பிழை."

அவருடைய தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"வழமையாக எழுந்து போய் மற்றப் பக்கம் இருந்து எழுதுவேன்" என்றேன். "மேசையை யன்னலோரம் மாற்றிவிட்டேன். மற்றப் பக்கம் கதிரைக்கு இடமில்லை."

"ஏன் மாற்றினீர்கள்?"

வெளிச்சத்துக்கு என்பது வாய்வரைக்கும் வந்தது. "படலையைப் பார்த்துக்கொண்டிருக்க" என்றேன்.

"பெயர் ஏன் இல்லை?"

"பயத்தில்."

"யாருக்குப் பயம்?"

"உங்களுக்கு."

வெளியே யாரோ வாகனம் கழுவும் சத்தம் கேட்டது. அவர் பலகையை முதலில் இருந்த மாதிரித் திருப்பி வைத்தார். குதிரையைத் தொட்டு மத்தியில் சரியாக நிறுத்தினார். பிறகு, வேறு ஏதோ பேசுவதுபோல:

"பதினொரு நாளாக உங்கள் தபால்காரரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறோம். இது யார் தந்தது? தபால் பெட்டியில் கிடந்தது, தெரியாது என்கிறார். எப்படிக் கேட்டாலும் அதுதான். உங்கள் தெருவுக்குப் பதினொரு வருடம் தபால் கொண்டு வருகிறவர். அவருக்கு உண்மையிலேயே தெரியாதா?"

தெரியும் என்றால் அவர் பொய்யர். தெரியாது என்றால் நான். இதற்கு நான் எதையும் யோசித்து வரவில்லை. யோசிக்கவும் இல்லை.

"தெரியாது" என்றேன். "சந்திப் பெட்டியில் நானே போட்டேன். அவர் கையில் கொடுக்கவில்லை."

எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். பெயர், முழு முகவரி, அடையாள அட்டை இலக்கம், பாடசாலை. எழுதினேன். அட்டைகளையும் கொப்பியையும் அவரே வைத்துக்கொண்டார். பலகையைக் கொண்டுபோகலாம் என்றார்.

"அவரை விடுவீர்களா?"

"பார்ப்போம்."

வெளியே மலர் வேலிக்கம்பியைப் பிடித்தபடி நின்றாள். "உள்ளுக்குத்தான் இருக்கிறார். உயிரோட இருக்கிறார்" என்றேன். அவள் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். சென்றியில் நின்றவன் எழும்பச் சொல்லிக் கத்தினான். நான் கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

அவருக்குத் தெரியும். பதினொரு நாளும் இராசநாயகம் அண்ணை தெரிந்தும் தெரியாது என்றிருக்கிறார்.

பெப்ரவரி 24, சனி

காலையில் ஒரு ஜீப் எங்கள் தெரு ஒழுங்கைக்குள் வந்தது. என் படலைக்கு முன்னால் வேகம் குறைந்தது. நிற்கவில்லை.

பெப்ரவரி 25, ஞாயிறு

இரண்டு தரம் வந்தது. இரண்டாவது தரம் ஒருவன் இறங்கி, மதிலில் உள்ள வீட்டிலக்கத்தைப் பார்த்துவிட்டு ஏறினான். மேசையை நகர்த்தவில்லை. எந்தப் பக்கம் இருந்தாலும் இனி ஒன்றுதான்.

பெப்ரவரி 26, திங்கள்

இராசநாயகம் அண்ணையைக் காலையில் சந்தியில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாடசாலையில் வைத்துக் கேள்விப்பட்டேன். அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன்.

சுவரோடு சாய்ந்து பாயில் இருந்தார். தாடி முழுவதும் நரைத்திருந்தது. அது பதினாலு நாளில் நரைத்ததல்ல, அவர் தாடி விட்டு நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான். வலது கையைத் துணியால் சுற்றி மடியில் வைத்திருந்தார். விரல்களை எண்ண முயன்று நிறுத்தினேன். மலர் தேநீர்க் கோப்பையை அவர் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தாள்.

என்ன சொல்வதென்று வழிநெடுக யோசித்து வைத்திருந்தேன். வாசலிலேயே நின்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் நான் முன்னொருநாளும் கண்டிராத கோபம். கோப்பையை இடது கையால் தள்ளினார்.

"ஆர் ரீச்சர் உங்களை அங்கை வரச்சொன்னது?" என்றார். "நான்தான் தெரியாதெண்டு சொல்லிக்கொண்டு இருந்தனானெல்லே? இப்ப உங்கட பேர், விலாசம் எல்லாம் அவங்களிட்டை. இனி நான் என்னத்தைச் சொல்லி உங்களைக் காப்பாத்துறது?"

"பேசாமக் குடியுங்கோப்பா" என்று மலர் கோப்பையைத் திரும்ப அவர் வாயில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நிண்டுகொண்டு இருக்கிறியள் ரீச்சர். உள்ளுக்கு வாங்கோ. ஒழுங்கையால ஜீப் வருது."